கொழுப்பு ஏறியதன் காரணத்தைத் தேடும் முறை

இரத்தப் பரிசோதனையில் கொழுப்பு அதிகம் என்று எழுதி வந்த நாளிலிருந்து, நம் வீடுகளில் முதலில் தண்டனை பெறுவன தேங்காயும் முட்டையின் மஞ்சள் கருவுமே. அடுத்து நெய் விலக்கப்படும். பூண்டு வேகவைத்துத் தரப்படும். பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிடும் மாத்திரையின் பெயரும் விசாரித்து அறியப்படும். இவற்றுள் சில பிரயோஜனமுள்ளவையே. ஆயினும், அந்த எண் ஏன் ஏறியது என்ற கேள்வியை ஒருவரும் கேளாமலே ஆண்டுகள் கழிந்துவிடுவதும், தைராய்டு சுரப்பியோ சிறுநீரகமோ கல்லீரலோ நெடுநாளாக நலிந்து கிடந்தமையாலேயே கொழுப்பு ஏறியிருந்தது என்பது காலங்கடந்து தெரியவருவதும் ஆஸ்பத்திரிகளில் அபூர்வமான செய்திகளல்ல. அந்தக் கேள்வியை முறையாக எழுப்புவதற்காக, வைத்தியரிடம் செல்லுமுன் வாசகர் தாமே செய்துகொள்ளக்கூடிய காரியங்களை இவ்வத்தியாயம் வரிசைப்படுத்திச் சொல்கிறது. வியாதியை நிர்ணயிப்பதும் மருந்தைத் தீர்மானிப்பதும் வைத்தியருடைய பொறுப்பு. அவர் கேட்பனவற்றுக்குத் தக்க விடையோடு போய் அமர்வது நம்முடையது.

தேடத் தொடங்குமுன் ஓர் எச்சரிக்கை

ஏற்கெனவே மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களும், இருதய நாளத்தில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர்களும், காரணத்தைத் தேடுகிறோம் என்ற எண்ணத்தில் கொழுப்பு மாத்திரையை ஒரு நாளும் நிறுத்தக் கூடாது. அவர்களுக்குத் தேடலும் சிகிச்சையும் ஒருங்கே நடக்க வேண்டியவை. நெஞ்சில் பாரம், இடது தோளுக்கோ தாடைக்கோ பரவும் வலி, காரணமில்லாத வியர்வை, மூச்சுத் திணறல் ஆகியவை தோன்றினால் இந்நூலை மூடிவைத்துவிட்டு 108க்கு அழையுங்கள்.

அறிய வேண்டிய சொற்பத் தத்துவம்

நம் இரத்தத்திலுள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பங்கு சரீரத்துக்குள்ளேயே, குறிப்பாகக் கல்லீரலில் உற்பத்தியாவது. உணவால் வருவது சிறுபங்கே. அதைச் சுமந்து திரியும் எல்.டி.எல். என்னும் துகள்கள், கல்லீரல் அணுக்களின் மேற்பரப்பிலுள்ள ஏற்பிகளில் வந்து சேர்ந்து உள்ளே இழுக்கப்படுகின்றன. ஆற்றில் படகுகள் எத்தனை வந்தாலும் படித்துறைகள் போதுமானவையாக இருந்தால் நெரிசல் இல்லை. துறைகள் குறைந்தாலோ, படகுகளின் தொகை மிகுந்தாலோ, ஆறு நிரம்பிவிடும். இந்த ஏற்பிகளைக் கண்டறிந்த அமெரிக்க விஞ்ஞானிகளான மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது. தைராய்டு சுரப்புக் குறைந்தால் ஏற்பிகள் குறைகின்றன. சிறுநீரகம் புரதத்தை ஒழுகவிட்டால் கல்லீரல் துகள்களை மிகுதியாக உற்பத்தி செய்கிறது. பித்தம் வெளியேற வழியின்றித் தேங்கினால் கொலஸ்ட்ரால் போகும் வழியே அடைபடுகிறது. இவ்வளவு தெரிந்தால் போதும்.

முதற்படி: அந்த எண்ணை நம்பலாமா என்று பார்த்தல்

ஒரே மனிதருக்கு, உணவிலும் பழக்கத்திலும் எந்த மாறுதலும் இல்லாதபோதே, கொலஸ்ட்ரால் அளவு ஒரு தடவைக்கு மறு தடவை 5 முதல் 10 சதவிகிதம் வரை ஏறி இறங்குவது இயற்கை. ஆகையால் ஒரே ஒரு ரிப்போர்ட்டைக் கொண்டு கலங்குவதும், ஒரே ஒரு ரிப்போர்ட்டைக் கொண்டு களிப்பதும் அநாவசியம். மறுபரிசோதனையை இவ்வாறு செய்துகொள்ளுங்கள்:

1. முந்தைய இரவு உணவுக்குப் பிறகு 9 முதல் 12 மணி நேரம் தண்ணீர் தவிர வேறொன்றும் உட்கொள்ளாமல், காலையில் அதே லேபுக்குச் செல்லுங்கள். காப்பியும் உணவுக் கணக்கிலேயே சேரும்.
2. முந்தைய இரண்டு மூன்று நாட்களில் கல்யாண விருந்தும் மதுவும் வேண்டாம். அதே சமயம், ரிப்போர்ட் நன்றாக வரவேண்டுமென்று பட்டினி கிடப்பதும் வேண்டாம். வழக்கமான உணவே சரியான உணவு.
3. இரத்தம் கொடுக்குமுன் சில நிமிஷங்கள் அமர்ந்திருங்கள்.
4. கடுமையான காய்ச்சல், அறுவைச் சிகிச்சை, மாரடைப்பு இவற்றுக்குப் பிந்திய சில வாரங்களில் கொலஸ்ட்ரால் தாழ்ந்து காணும்; அப்போது வந்த நல்ல எண்ணை மெய்யென்று நம்பிவிடாதீர்கள்.
5. கர்ப்பிணிகளுக்கு நான்காம் மாதத்திலிருந்து கொழுப்பு ஏறுவது இயல்பு. பிரசவமாகி இரண்டு மூன்று மாதங்கள் சென்ற பிறகு பார்ப்பதே பொருளுள்ளது.

இரண்டாம் படி: எந்த எண் ஏறியிருக்கிறது?

ரிப்போர்ட்டின் முதல் வரியிலுள்ள மொத்தக் கொலஸ்ட்ராலை மட்டும் பார்த்துவிட்டுக் காகிதத்தை மடித்துவைப்பது எல்லாப் பிழைகளிலும் பொதுவான பிழை. எல்.டி.எல்., டிரைகிளிசரைடு ஆகிய இரண்டையும் தனித்தனியே பாருங்கள். எது ஏறியிருக்கிறது என்பதே எத்திசையில் தேடவேண்டும் என்பதைப் பெரும்பாலும் காட்டிவிடும்.

எல்.டி.எல். பிரதானமாக ஏறியிருந்தால் தைராய்டுக் குறைவு, பித்தத் தேக்கம், பரம்பரை என்பன முதலில் நினைக்கத்தக்கவை. டிரைகிளிசரைடு பிரதானமாக ஏறியிருந்தால் கட்டுக்கடங்காத சர்க்கரை வியாதி, மது, உடற்பருமன், சில மருந்துகள். இரண்டும் சேர்ந்து ஏறியிருந்தால் சிறுநீரகத்தையும் ஸ்டீராய்டு மருந்துகளையும் மறந்துவிடக் கூடாது. இந்தப் பாகுபாடு கறாரானதன்று. திசையைச் சுட்டுவதற்கு மட்டுமே உதவும்.

குறிப்பு: பெரும்பாலான லேபுகள் எல்.டி.எல்.லை நேரே அளப்பதில்லை, மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.லையும் டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்துக் கணக்கிடுகின்றன. டிரைகிளிசரைடு 400 மில்லிகிராமைத் தாண்டிவிட்டால் இந்தக் கணக்குப் பொய்த்துப்போகும். அப்போது எல்.டி.எல்.லை நேரடியாக அளக்கச் சொல்லிக் கேட்கலாம்.

இன்னொரு குறிப்பு: சிங்கப்பூர், மலேசியா போன்ற நாடுகளிலுள்ள உறவினர் அனுப்பும் ரிப்போர்ட்டில் 5.2, 6.8 என்று சிறிய எண்கள் இருந்தால் மகிழ்ந்துவிட வேண்டாம். அவை மில்லிமோல் கணக்கு. கொலஸ்ட்ராலை 38.7ஆலும் டிரைகிளிசரைடை 88.6ஆலும் பெருக்கினால் நம் மில்லிகிராம் கணக்கு வந்துவிடும்.

மூன்றாம் படி: மருந்துப் பெட்டியைத் திறந்து பார்த்தல்

காரணங்களுள் மிகச் சுலபமாகக் கண்டுபிடிக்கத்தக்கதும், மிகச் சுலபமாக மறக்கப்படுவதும் நாம் வேறு வியாதிக்காக விழுங்கிக்கொண்டிருக்கும் மருந்தே. வீட்டிலுள்ள மாத்திரை அட்டைகள் அனைத்தையும் மேஜையில் பரப்பி, வெள்ளிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் மூலப்பெயரை ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். கம்பெனிப் பெயர் மாறிக்கொண்டே இருக்கும், மூலப்பெயர் மாறாது. கீழ்க்கண்டவை இருந்தால் அடிக்கோடிடுங்கள்:

1. பிரெட்னிசோலோன், டெக்ஸாமெத்தசோன் முதலிய ஸ்டீராய்டுகள்.
2. இரத்த அழுத்தத்துக்கான நீர் மாத்திரைகளில் ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன். இவற்றால் ஏறுவது சொற்பமே.
3. மனநோய்க்குத் தரப்படும் ஒலான்சபின், குளோசபின்.
4. முகப்பருவுக்குத் தரப்படும் ஐசோட்ரெட்டினாயின். இது டிரைகிளிசரைடை ஏற்றும்.
5. உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றவர்கள் சாப்பிடும் சைக்ளோஸ்போரின்.
6. இருதயத் துடிப்பைச் சீராக்கும் அமியோடரோன். இது தைராய்டைக் கெடுத்து, அதன் வழியாகக் கொழுப்பை ஏற்றக்கூடும்.

உடற்பயிற்சிக் கூடங்களில் தசை வளர்ப்பதற்கென்று கைமாறும் ஊசிகளையும் இந்தப் பட்டியலில் வெட்கமின்றி எழுதிக்கொள்ளுங்கள், அவை எல்.டி.எல்.லை ஏற்றி எச்.டி.எல்.லைப் பாதாளத்துக்குத் தள்ளுபவை. மூட்டுவலிக்கென்று பெயரற்ற பொட்டலத்தில் தரப்படும் சூரணங்களில் ஸ்டீராய்டு கலந்திருந்தது பல தடவை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. வலி மாயமாக மறைந்து, முகம் மட்டும் உருண்டையாகப் பூரித்து வருமாயின் அந்தப் பொட்டலத்தையே வைத்தியரிடம் எடுத்துச் செல்லலாம்.

எச்சரிக்கை: அடிக்கோடிட்ட எதையும் தாமாக நிறுத்தக் கூடாது. பல வாரங்கள் சாப்பிட்ட ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தினால் இரத்த அழுத்தம் வீழ்ந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். மனநோய் மருந்தை நிறுத்தினால் நேரும் அனர்த்தம் அந்தக் குடும்பத்தாருக்கே தெரியும்.

நான்காம் படி: சரீரத்தை உற்றுநோக்குதல்

நல்ல வெளிச்சத்தில், கண்ணாடி முன் அமர்ந்து, பத்து நிமிஷம் செலவிட்டால் போதும். கண்ணிமையின் உள்மூலையில் மஞ்சள் நிறத் தடிப்புகள் இருக்கின்றனவா? 45 வயதுக்குள்ளாகவே கருவிழியைச் சுற்றிச் சாம்பல் நிற வளையம் விழுந்திருக்கிறதா? பிறகு நாற்காலியில் அமர்ந்து ஒரு காலை மற்றதன் மேல் போட்டு, பாதத்தை மேல்நோக்கி மடக்கி, குதிகாலுக்கு மேலே கயிறுபோல் விறைத்து நிற்கும் தசைநாணைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் பற்றி, மேலிருந்து கீழாகத் தடவிப் பாருங்கள். சாதாரணமாக அது ஒரே சீரான கனத்தில் வழுவழுப்பாக இருக்கும். நடுவில் முடிச்சுப் போலவோ, ஒரு பக்கம் புடைத்தோ தட்டுப்பட்டால், அது பரம்பரைக் கொழுப்பு வியாதியின் முக்கியமான அடையாளமாக இருக்கக்கூடும். கையை மடக்கி விரல் முட்டிகளின் மேலுள்ள நாண்களையும் அவ்வாறே பாருங்கள். கணைக்காலில் விரலால் பத்து விநாடி அழுத்தி எடுத்தால் குழி விழுந்து நிற்கிறதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: கேட்டுப் பெறவேண்டிய பரிசோதனைகள்

வைத்தியரிடம் பேசி, ஒரே நாளில் இவற்றைச் செய்துகொள்ளலாம்: தைராய்டுக்கு டி.எஸ்.எச்.; சிறுநீரகத்துக்குக் கிரியாட்டினினும், சிறுநீரில் புரதமும்; கல்லீரலுக்குரிய பரிசோதனைகள், அவற்றுள் ஆல்கலைன் பாஸ்ஃபடேஸ், பிலிருபின், ஆல்புமின் கட்டாயம்; சர்க்கரைக்கு எச்.பி.ஏ1சி. முழு உடற்பரிசோதனைத் திட்டங்களில் இவை பெரும்பாலும் அடங்கியிருக்கும். ஆனால் இரத்தம் மட்டும் கொடுத்துவிட்டுச் சிறுநீர்க் குப்பியைக் காலியாகத் திருப்பிவைத்து வருகிறவர்கள் அநேகர். சிறுநீரக வியாதி அந்தக் குப்பியில்தான் முதலில் தெரியும்.

தைராய்டுக் குறைவு

காரணங்களுள் இதற்கே அதிக இடம் கொடுக்கிறேன். ஏனெனில் இது சர்வசாதாரணமாகக் காணப்படுவது, பெண்களிடம் அதிகம், மலிவான ஒரு மாத்திரையால் சீர்படுவது, அவ்வாறிருந்தும் தவறவிடப்படுவது. ஓயாத அசதி, மற்றவர்க்கு வியர்க்கும்போதும் குளிர்தல், மலச்சிக்கல், உலர்ந்த தோல், தலைமயிர் உதிர்தல், குரல் கரகரத்தல், மாதவிலக்கு மிகுதி ஆகியவற்றுள் இரண்டு மூன்று சேர்ந்திருக்குமாயின் சந்தேகம் வலுக்கிறது. டி.எஸ்.எச். 10ஐத் தாண்டியிருந்தால் கொழுப்பு ஏறியதற்கு அது தக்க காரணமே. 5, 6 என்று சற்றே ஏறியிருந்தால் முழுப் பழியையும் தைராய்டின் மேல் போட்டுவிட முடியாது.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. மயிர் உதிர்கிறதென்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குப் பல லேப் கருவிகளில் டி.எஸ்.எச். பொய்யாகத் தாழ்ந்து காட்டும். மயிர் உதிர்வதற்கே தைராய்டுக் குறைவு காரணமாக இருக்க, அதற்காகச் சாப்பிட்ட மாத்திரை அந்தக் குறைவை மறைத்துவிடுவது விதியின் விளையாட்டேயாகும். பரிசோதனைக்கு முன் குறைந்தது இரண்டு நாள் பயோட்டினை விட்டுவிடுங்கள். பெரிய அளவில் சாப்பிடுகிறவர்கள் எத்தனை நாள் என்று கேட்டறியுங்கள்.

வைத்தியர் தைராக்சின் எழுதிக்கொடுத்தால் அதன் வரிசை இது:

1. காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில், தண்ணீரோடு மட்டும் விழுங்குங்கள்.
2. அரைமணி முதல் ஒரு மணி நேரம் காப்பி வேண்டாம். டிகாக்ஷன் மணம் அடுக்களையிலிருந்து வரும்போது இது கடினமே. மாத்திரையைப் படுக்கைக்கு அருகில் வைத்து, விழித்தவுடன் சாப்பிட்டுவிட்டால் காப்பி பிந்தாது.
3. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும்.
4. 6 முதல் 8 வாரங்கள் கழித்து டி.எஸ்.எச். பாருங்கள். அது சரியான நிலைக்கு வந்த பின்பே கொழுப்பை மீண்டும் அளப்பது நியாயம்.

எச்சரிக்கை: தைராய்டுக் குறைவைக் கவனியாமல் அடோர்வாஸ்டேடின், ரோசுவாஸ்டேடின் முதலிய ஸ்டேடின் மாத்திரைகளைத் தொடங்கினால் தசைநோவும் தசைச் சிதைவும் நேரும் அபாயம் கூடுகிறது. ஸ்டேடின் சாப்பிடுகிறவருக்குத் தொடையிலும் தோளிலும் கடும் வலி உண்டாகி, சிறுநீர் கறுத்த தேநீர் நிறமாகுமாயின், மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே வைத்தியரைக் காண வேண்டும். இருதயநோயாளிகள் மாத்திரையை நிறுத்தலாகாது என்று மேலே சொன்ன விதிக்கு இது ஒன்றே விலக்கு.

சிறுநீரகம் புரதத்தை இழத்தல்

சிறுநீரில் ஒரு நாளைக்கு 3.5 கிராமுக்கு மேல் புரதம் வெளியேறும் நிலையில், இரத்தத்தில் ஆல்புமின் தாழ்ந்து, கொலஸ்ட்ரால் 300, 400 என்று பயமுறுத்தும் அளவுக்கு ஏறிவிடும். காலையில் கண்களைச் சுற்றி வீக்கம், மாலையில் காலில் வீக்கம், சிறுநீரில் நெடுநேரம் உடையாத நுரை என்பன இதன் அறிகுறிகள். வேகமாகப் பாயும் எந்தச் சிறுநீரிலும் சற்று நுரை எழும். அது உடனே அடங்கினால் கவலையில்லை. சந்தேகமிருந்தால் காலையில் முதன்முதலாகக் கழியும் சிறுநீரை லேபில் கொடுத்துவிடுவதே உத்தமம். சர்க்கரை நோயாளிகள் சந்தேகத்துக்குக் காத்திராமல் ஆண்டுக்கொரு முறை இதைச் செய்துகொள்ள வேண்டும். வீக்கம் வடிவதற்கென்று நீர் மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கிச் சாப்பிடுவது இங்கே பெருந்தவறு. புரதம் ஒழுகும் காரணத்தைச் சிறுநீரக நிபுணர் கண்டறிய வேண்டும்.

பித்தத் தேக்கம்

கொலஸ்ட்ரால் சரீரத்தை விட்டு வெளியேறும் முக்கிய மார்க்கம் பித்தம். கல்லடைப்பாலோ, கல்லீரலின் நுண்ணிய பித்தநாளங்கள் அழிவதாலோ அது தேங்கினால், உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் இரவில் மிகும் அரிப்பு, வெளிறிய மலம், அடர்ந்த மஞ்சள் சிறுநீர், கண்ணில் மஞ்சள் ஆகியவை தோன்றும். நடுவயதுப் பெண்களுக்கு மஞ்சள் காமாலை தோன்றுவதற்குப் பல காலம் முன்பே அரிப்பு மட்டும் வந்து, தோல் வைத்தியம் ஓயாமல் நடந்துகொண்டிருப்பதும் உண்டு. ஆல்கலைன் பாஸ்ஃபடேஸ் ஏறியிருந்தால் குடல், கல்லீரல் நிபுணரிடம் போகவேண்டும். காய்ச்சலும் குளிரும் மஞ்சளும் வலது மேல்வயிற்று வலியும் சேர்ந்து வந்தால் அது அவசரநிலை. நாட்டு மருந்துக்காக ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

சர்க்கரையும் மதுவும்

இவ்விரண்டும் ஏற்றுவது பிரதானமாக டிரைகிளிசரைடை. அது மிகவும் ஏறியவரின் இரத்தத்தைச் சோதனைக் குழாயில் தெளியவைத்தால், வைக்கோல் நிறத்தில் தெளிந்திருக்க வேண்டிய மேல்நீர் பால்போல் வெளுத்து நிற்கும். குளிர்பெட்டியில் ஓர் இரவு வைத்தால் மேலே ஆடை படியும். லேப் ஊழியர் அந்தக் குழாயைக் காட்டினாலோ, ரிப்போர்ட்டின் அடியில் அவ்வாறு குறித்திருந்தாலோ அலட்சியம் செய்யாதீர்கள். டிரைகிளிசரைடு 500ஐத் தாண்டினால் கணையம் வீங்கும் அபாயம் தொடங்குகிறது. 1000ஐத் தாண்டினால் அது மிகப் பெரிதாகிறது. மேல்வயிற்றில் எழுந்து முதுகுக்குப் பாயும் கடும் வலியும் வாந்தியும் வந்தால் நேரே ஆஸ்பத்திரிக்குத்தான். இந்த அளவுள்ளவர்கள் மதுவை அளவாகக் குடிப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. அடியோடு விட வேண்டும். சர்க்கரை கட்டுக்குள் வந்தபின், வேறெந்த மருந்தும் இல்லாமலே டிரைகிளிசரைடு பாதியாக இறங்குவதையும் காணலாம்.

பரம்பரை

மேற்சொன்ன எதுவும் இல்லாமல், மெலிந்த உடம்பும் மிதமான உணவும் உள்ள ஒருவருக்கு எல்.டி.எல். 190க்கு மேல் இருக்குமாயின், குடும்பத்தின் கதையைக் கேட்க வேண்டும். ஏற்பிகளின் பிறவிக் குறைபாடு ஏறத்தாழ 250 முதல் 300 பேரில் ஒருவருக்கு உண்டு. தந்தை, தாய், உடன்பிறந்தார் இவர்களுள் ஆண்களில் 55 வயதுக்கும் பெண்களில் 65 வயதுக்கும் முன்பாக மாரடைப்பு வந்தவர் யார் என்று பெரியவர்களிடம் விசாரித்து எழுதுங்கள். "தூக்கத்திலேயே போய்விட்டார்", "திடீரென்று மார்வலி" என்று வழங்கும் குடும்பச் செய்திகளும் இதில் சேரும். நோய் உறுதியானால் குழந்தைகள் ஒவ்வொருவருக்கும் அது இறங்கியிருப்பதற்குச் சரிபாதி வாய்ப்பு இருப்பதால் அவர்களுக்கும் பரிசோதனை அவசியம். இங்கே பத்தியம் மட்டும் போதாது; மாத்திரையை இளமையிலேயே தொடங்கி ஆயுள் முழுதும் சாப்பிட வேண்டியிருக்கும். குழந்தை பெறும் உத்தேசமுள்ள பெண்கள் அதை முன்கூட்டியே வைத்தியரிடம் சொல்லிவிட வேண்டும்.

வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டியவை

1. இரண்டு கொழுப்பு ரிப்போர்ட்டுகள், தேதியுடன்.
2. மூலப்பெயரோடு எழுதிய மருந்துப் பட்டியல். எந்த மாதம் தொடங்கியது என்ற குறிப்புடன். மருந்து தொடங்கியதற்கு முந்திய பழைய ரிப்போர்ட் ஒன்று அகப்பட்டால் அதன் மதிப்புப் பெரிது.
3. நான்காம் படியில் கண்டவை. குடும்பத்தில் இருதயநோய் வந்தவர்களும் அவர்களுடைய வயதும்.
4. மது, புகை பற்றிய மெய்யான கணக்கு. மனைவியோ மகனோ உடனிருக்கச் சொல்லக் கூசுமாயின் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி நீட்டிவிடலாம்.

காரணம் ஒன்று அகப்பட்டு அதற்குச் சிகிச்சை தொடங்கினால், இரண்டு மூன்று மாதங்கள் சென்றபின் முதற்படியில் சொன்ன அதே முறையில், அதே லேபில், கொழுப்பை மீண்டும் அளந்து பாருங்கள். எண் இறங்கியிருந்தால் அந்தச் சிகிச்சையையே தொடரலாமா என்று கேளுங்கள். இறங்காமலோ அரைகுறையாக இறங்கியோ நின்றால், ஒருவருக்கே இரண்டு காரணங்கள் இருப்பது அபூர்வமன்று ஆதலால், விடுபட்ட படிகளை மறுபடி நோக்க வேண்டும். அதன் பிறகும் வைத்தியர் ஸ்டேடின் எழுதிக்கொடுப்பாராயின், தேங்காயைத் திட்டிக்கொண்டு இன்னும் ஆறு மாதம் தவணை கேளாமல், அன்றிரவே முதல் மாத்திரையைச் சாப்பிட்டுவிடுங்கள்.